என்டாமுக்கன் சூ: நடுவரிசைக்காரரைப் பற்றிச் சில கேள்விகள்

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் தற்காப்பு ஆட்டக்காரர்கள் பற்றிப் பலர் கேட்டவற்றில் பாதிக்கு மேல் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் என்டாமுக்கன் சூவைப் பற்றியே இருந்தன. அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: ஐயா, டிஃபென்சிவ் டேக்கிள் என்பவருக்கு உண்மையில் என்ன வேலை? பந்து அவர் கைக்கு வருவதே இல்லையே!

பதில்: வராது. எதிரணி பந்தைக் கிளப்பும் இடத்துக்கு நேர் எதிரே, நடுவில் நிற்பவர் அவர். அவரைத் தடுக்க, அவரளவு எடையுள்ள இருவர் சேர்ந்து மோதுவார்கள். இருவரையும் அவர் தன்னோடு பிணைத்து வைத்துக்கொண்டால், பின்னால் நிற்கும் லைன்பேக்கரைத் தடுக்க ஆள் இருக்காது. லைன்பேக்கர் ஓடிவந்து ஆளை வீழ்த்துவார், மறுநாள் பத்திரிகையில் அவர் பெயர் வரும். நடுவரிசைக்காரர் நன்றாக ஆடினாரா என்று புள்ளிவிவரத்தைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. சூவின் 2009ஆம் ஆண்டு இதற்கு விதிவிலக்கு, அதனால்தான் இன்றும் அதைப் பேசுகிறோம்.

கேள்வி: நம் கபடியில் மூலையில் நிற்பவரைப் போலவா?

பதில்: இல்லை. மூலைக்காரர் காத்திருந்து காலைப் பிடிப்பவர். இவர் முதல் நொடியிலேயே மோதியாக வேண்டும்.

கேள்வி: அவர் கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்தே நட்சத்திரமா?

பதில்: நிச்சயமாக இல்லை. ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்தில் பிறந்தவர். தந்தை கேமரூன் நாட்டவர், தாய் ஜமைக்கா நாட்டவர். சிறுவயதில் உலகம் முழுவதும் ஆடும் அந்த மற்றக் கால்பந்தைத்தான் ஆடினார். 6 அடி 4 அங்குல உயரமும் 300 பவுண்டு எடையும் கொண்ட ஒருவர் அவ்வளவு லாகவமாகக் கால் மாற்றி வைப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். 2005இல் நெப்ராஸ்காவில் சேர்ந்தார், முதல் ஆண்டு காயத்தில் போயிற்று. 2007இல் அந்த அணியின் தற்காப்பு சந்தி சிரித்தது, சூவின் கணக்கில் ஒரே ஒரு சாக். (எதிரணியில் பந்தை எறிபவர் குவாட்டர்பேக். அவர் எறிவதற்குள் அவரை வீழ்த்துவதுதான் சாக்.)

திருப்பம் 2008இல் வந்தது. தற்காப்பில் தேர்ந்த போ பெலினி தலைமைப் பயிற்சியாளரானார். அந்த ஆண்டு 76 டேக்கிள் (பந்தோடு இருப்பவரைப் பிடித்து வீழ்த்துவது), 7.5 சாக் (இருவர் சேர்ந்து வீழ்த்தினால் ஆளுக்கு அரை). எதிரணி எறிந்த பந்தை இரண்டு முறை தானே பிடித்து எல்லைக்கோட்டைத் தாண்டும் வரை ஓடி டச் டவுன் எடுத்தார். திறமை முன்பே இருந்தது, அதைப் பயன்படுத்தத் தெரிந்தவர்கள் பிறகுதான் வந்தார்கள். பயிற்சியாளர் மாறினால் எல்லாம் மாறிவிடும் என்று நம்புகிறவன் அல்ல நான், ஆனால் இங்கே வேறு விளக்கம் கிடைக்கவில்லை.

கேள்வி: டெக்சாஸ் ஆட்டம், டெக்சாஸ் ஆட்டம் என்கிறார்களே, அதில் அப்படி என்ன நடந்தது?

பதில்: 2009 டிசம்பர் 5, பிக் 12 என்ற கல்லூரிக் கூட்டமைப்பின் இறுதியாட்டம், டெக்சாஸ் மாநிலம் ஆர்லிங்டனில். தோல்வியே காணாமல் வந்த டெக்சாஸ் அணி ஜெயித்தால் தேசியப் பட்டத்துக்கான ஆட்டத்துக்குப் போகும். அதன் குவாட்டர்பேக் கோல்ட் மெக்காய், ஆண்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருதுக்குப் பேசப்பட்டவர். சூ அன்று அவரை நிம்மதியாக நிற்கவிடவில்லை. 12 டேக்கிள், 4.5 சாக்! நடுவரிசைக்காரர் ஒருவருக்கு ஒரு பருவம் முழுவதும் ஐந்து சாக் கிடைத்தாலே நல்ல கணக்கு. ஒரு கட்டத்தில் மெக்காயைச் சட்டையோடு பிடித்துச் சுழற்றி எறிந்ததைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள்.

ஆனால் நெப்ராஸ்காவின் தாக்குதல் அணி ஒரு டச் டவுன்கூட எடுக்கவில்லை. பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து எடுக்கும் ஃபீல்டு கோல்கள் நான்கில் வந்த 12 புள்ளிகள்தான் மொத்தமும். 12-10 என்று முன்னிலையில் இருந்தபோது கடிகாரம் பூஜ்யத்தைக் காட்டியது, நெப்ராஸ்கா வீரர்கள் மைதானத்துக்குள் ஓடிவந்துவிட்டார்கள். நடுவர்கள் வீடியோவைப் பார்த்து ஒரு நொடியைத் திரும்பப் போட்டார்கள். டெக்சாஸின் ஹண்டர் லாரன்ஸ் 46 கெஜத்திலிருந்து ஃபீல்டு கோல் உதைத்தார். டெக்சாஸ் 13-12. அந்த ஒரு நொடி நியாயமானதுதான் என்று நான் சொன்னால் நெப்ராஸ்கா ரசிகர்கள் அடிக்க வருவார்கள், ஆனாலும் சொல்கிறேன்.

கேள்வி: அப்படி ஆடியும் ஹைஸ்மன் ஏன் கிடைக்கவில்லை?

பதில்: நான்காம் இடம் கிடைத்தது. பரிசு அலபாமாவின் மார்க் இன்கிரமுக்குப் போனது. வாக்களிப்பவர்கள் பந்தைக் கையில் வைத்திருப்பவரையே பார்க்கிறார்கள். 1997இல் மிச்சிகனின் தற்காப்பு வீரர் சார்லஸ் வுட்சன் ஜெயித்தார் என்றால், அவர் பந்தைத் திருப்பி எடுத்து ஓடவும், தாக்குதலில் பிடிக்கவும் செய்தார். 2024இல் வென்ற டிராவிஸ் ஹண்டரும் இரு பக்கமும் ஆடியவரே. தற்காப்பு நடுவரிசையில் மட்டும் நின்றவர் யாரும் இதுவரை வாங்கியதில்லை. அந்த 2009இல் சூ 85 டேக்கிளும் 12 சாக்கும் எடுத்தார். அவுட்லாண்ட், லொம்பார்டி, நகுர்ஸ்கி, பெட்னாரிக் விருதுகள் நான்கும் அவருக்கே. அசோசியேட்டட் பிரஸ் நிறுவனத்தின் ஆண்டின் சிறந்த கல்லூரி வீரர் விருதை வாங்கிய முதல் தற்காப்பு ஆட்டக்காரரும் அவர்தான். ஹைஸ்மனை விட அந்தக் கடைசி விருதுக்குத்தான் நான் மதிப்புக் கொடுப்பேன்.

கேள்வி: 2008 முடிந்ததுமே தொழில்முறை ஆட்டத்துக்குப் போயிருக்கலாமே, பணமும் வந்திருக்குமே?

பதில்: போயிருக்கலாம். பள்ளியை முடித்து மூன்றாண்டுகள் ஆகியிருந்தால் போதும். அவர் கல்லூரியிலேயே இருந்தார், கட்டுமான மேலாண்மைப் பட்டத்தை முடித்தார். தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் 2010 ட்ராஃப்டில் டெட்ராய்ட் லயன்ஸ் அணி அவரை இரண்டாவது ஆளாக எடுத்தது. இன்னும் ஓராண்டு இருந்ததில் நஷ்டமில்லை. காயம் பட்டிருந்தால்? அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்க 2021 ஜூலையில்தான் அனுமதி வந்தது, அதனால் அவருடைய காலத்தில் கல்லூரியிலேயே இருப்பது உண்மையிலேயே துணிச்சல்.

கேள்வி: முரடர் என்ற பெயர் எங்கிருந்து வந்தது?

பதில்: கல்லூரியிலிருந்து அல்ல. தொழில்முறை ஆட்டத்தில், 2011 நன்றி நவிலல் நாளில் கிரீன் பே அணி வீரர் ஒருவரை மிதித்தார், இரண்டு ஆட்டங்கள் தடை. அதற்குச் சமாதானம் சொல்ல நான் தயாரில்லை. டாம்பா பே அணியோடு தொழில்முறை ஆட்டத்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலும் ஜெயித்தார் என்பது வேறு விஷயம்.

கேள்வி: படித்த கல்லூரிக்கு ஏதாவது செய்தாரா?

பதில்: செய்தார், அதுவும் ட்ராஃப்டுக்கு முன்பே. மொத்தம் 26 லட்சம் டாலர். அதில் 20 லட்சம் விளையாட்டுத் துறைக்கு, 6 லட்சம் பொறியியல் கல்லூரியில் உதவித்தொகைக்கு.