ரத்தக்கட்டிக்கு மாத்திரை சாப்பிடும்போது எடுத்த ஆன்டிபாடி டெஸ்ட்டை நம்பலாமா?

கேள்வி: எனக்கு 31 வயது. காலில் ரத்தக்கட்டி வந்து இரண்டு மாதம் ஆகிறது, ரிவராக்சபான் சாப்பிடுகிறேன். மாத்திரை தொடங்கிய பத்தாம் நாள் எடுத்த பரிசோதனையில் லூபஸ் ஆன்டிகோகுலன்ட் பாசிட்டிவ், ஆன்டிகார்டியோலிபின் ஐஜிஎம் 22, மற்றதெல்லாம் நெகட்டிவ். எனக்கு ஏபிஎஸ் (ஆன்டிபாஸ்போலிப்பிட் சிண்ட்ரோம், உடலே தவறாக உண்டாக்கும் ஆன்டிபாடிகளால் ரத்தம் எளிதில் உறையும் நோய்) இருக்கிறதா? மாத்திரையை நிறுத்திவிட்டு மறுபடி பார்க்கலாமா?

பதில்: முதலில் இரண்டாவது கேள்வி. நீங்களாக நிறுத்தவே கூடாது, ஒரு வேளை கூட. கட்டி வந்த முதல் மூன்று மாதங்களில் மருந்தை விட்டால் மறுபடி உறையும் ஆபத்து அதிகம், ஒரு ரிப்போர்ட் தெளிவாக வர வேண்டும் என்பதற்காக அந்த ஆபத்தை விலைக்கு வாங்க வேண்டாம்.

ஏபிஎஸ் இருக்கிறதா என்பதை இந்த ரிப்போர்ட்டை மட்டும் வைத்து யாராலும் சொல்ல முடியாது. காரணம் நீங்கள் சாப்பிடும் மாத்திரைதான். லூபஸ் ஆன்டிகோகுலன்ட் டெஸ்ட் ஆன்டிபாடியை நேரடியாக எண்ணுவதில்லை, ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கிறது. அதில் முக்கியமான ஒரு முறையில் கண்ணாடி விரியனின் விஷத்தைச் சேர்ப்பார்கள், அது ரத்தம் உறைய உதவும் புரதங்களில் ஒன்றான பத்தாம் காரணியைத் தூண்டிவிடும். ரிவராக்சபான் தடுப்பதும் தூண்டப்பட்ட அதே பத்தாம் காரணியைத்தான்! அதனால் ஆன்டிபாடியே இல்லாதவருக்கும் பாசிட்டிவ் என்று வரலாம். அதிலும் வழக்கமாக முதல் 21 நாள் 15 மில்லிகிராம் தினம் இரண்டு வேளை கொடுப்பார்கள், நீங்கள் ரத்தம் கொடுத்த பத்தாம் நாள் அதற்குள்தான் வருகிறது. ரத்தம் உறையாமல் தடுக்கும் மற்ற மருந்துகளான வார்ஃபரின், ஹெபாரின் இரண்டும்கூட இந்த டெஸ்ட்டைக் குழப்பக்கூடியவைதான்.

மற்ற இரண்டு டெஸ்ட்டுகளான ஆன்டிகார்டியோலிபினும் பீட்டா-2 கிளைகோபுரோட்டீனும் ஆன்டிபாடியையே அளக்கின்றன, மாத்திரை அவற்றைப் பாதிக்காது. உங்கள் 22 குறைந்த அளவு. பொதுவாக 40க்கு மேல் இருந்தால்தான் பெரிதாக எடுத்துக்கொள்வோம், அப்போதும் ஐஜிஜி வகை ஆன்டிபாடிக்கு உள்ள கனம் தனியாக வரும் ஐஜிஎம் வகைக்குக் கிடையாது. ஏதாவது தொற்று வந்து போனால்கூட இது கொஞ்ச நாள் தலைகாட்டிவிட்டு மறைந்துவிடும்.

அதனால்தான் முதல் டெஸ்ட்டுக்குக் குறைந்தது 12 வாரம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்கிறோம். உங்கள் கணக்கில் இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. அப்போது மூன்றையும் சேர்த்தே செய்யுங்கள். ரத்தம் எடுக்கும் நேரத்தை டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள், பெரும்பாலும் அடுத்த மாத்திரை போடுவதற்குச் சற்று முன்பு எடுப்பது நல்லது. அப்போதும் கொஞ்சம் மருந்து ரத்தத்தில் மிச்சமிருக்கும், சாம்பிளிலிருந்து அதைக் கரியால் உறிஞ்சி நீக்கும் வசதி லேபில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் சில நாளைக்கு ஹெபாரின் ஊசிக்கு மாற்றி, அதன் தாக்கம் குறைந்த நேரத்தில் டெஸ்ட் எடுக்கலாமா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். சாம்பிளோடு போகும் தாளில் மருந்தின் பெயரையும் கடைசியாகப் போட்ட நேரத்தையும் எழுதச் சொல்லுங்கள். இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள், எனக்கு இதில் ரொம்பவே வருத்தம்.

சரி, மறுபடியும் பாசிட்டிவ் என்றே வந்தால்? லூபஸ் நோய் வந்துவிட்டது என்று பயப்படாதீர்கள், அது வேறு. ஆனால் மூன்றுமே பாசிட்டிவ் ஆனால் ரிவராக்சபானைத் தொடரக் கூடாது. அப்படிப்பட்டவர்களை வைத்து நடந்து 2018இல் வெளியான ஆய்வில், ரிவராக்சபான் எடுத்தவர்களுக்கு வார்ஃபரின் எடுத்தவர்களைவிட அதிகமாக ரத்தம் உறைந்ததால் ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள். கர்ப்பம் தரிக்கும் எண்ணம் இருந்தால் அதையும் இப்போதே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், இந்த இரண்டு மருந்துமே அதற்கு ஒத்துவராது, முன்கூட்டியே ஹெபாரினுக்கு மாறத் திட்டமிட வேண்டும்.