குமரிக் கடலுக்கு 20,000 ரூபாயில் ஐந்து பேர்

கரூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "நான், மனைவி, 13 வயதிலும் 9 வயதிலும் இரண்டு மகள்கள், 67 வயது அம்மா என்று ஐந்து பேர். கடலில் குளிக்க வேண்டும் என்று பிள்ளைகள் ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். கோவா, அந்தமான் எல்லாம் நமக்குக் கட்டுப்படியாகாது. கன்னியாகுமரிப் பக்கம் நான்கு நாள் வரலாமா? கையில் 20,000 ரூபாய் இருக்கிறது. மே மாதம் நல்லதா, காலாண்டு விடுமுறை நல்லதா? எங்கே தங்குவது? என்னென்ன எடுத்துவருவது?"

தாராளமாக வாருங்கள், பணம் போதும். ஆனால் கிளம்புவதற்கு முன் பிள்ளைகளிடம் ஒன்றைச் சொல்லிவிடுங்கள். எங்கள் மாவட்டத்துக் கடல் உட்கார்ந்து பார்க்கிற கடல். இறங்கி நீந்துகிற கடல் இல்லை. நாகர்கோவிலில் இருபது வருடத்துக்கு மேலாக வெளியூர்க் குடும்பங்களுக்குப் பயண ஏற்பாடு செய்து தருகிறேன். நானே முழங்காலுக்கு மேல் இறங்குவதில்லை. கரையிலிருந்து சில அடியிலேயே ஆழம் வெட்டுகிற இடங்கள் இங்கே நிறைய உண்டு. அலைகளுக்கு நடுவே ஓரிடம் மட்டும் நுரையில்லாமல், கொஞ்சம் கருத்து, அமைதியாகத் தெரியும். புதிதாக வருபவர்கள் அங்கேதான் இறங்குவார்கள். கரைக்கு வந்த தண்ணீர் கடலுக்குத் திரும்பிப் போகும் பாதை அது; ஆளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும்.

மே மாதம் வேண்டாம் என்று நான் சொல்வதற்கும் முதல் காரணம் கடல்தான். இங்குள்ள மீனவர்கள் 'கள்ளக்கடல்' என்று ஒன்றைச் சொல்வார்கள். தெற்கே வெகு தூரத்தில், இந்தியப் பெருங்கடலில் எங்கோ அடிக்கும் புயலில் கிளம்பும் அலை, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து இங்கே வந்து ஏறும். இங்கே காற்றும் இருக்காது, மழையும் இருக்காது. கடல் மட்டும் திருடன் மாதிரி சத்தமில்லாமல் கரைக்குள் வந்துவிடும். மழைக்காலத்துக்கு முந்தைய ஏப்ரல், மே மாதங்களில் இது அதிகம். 2024 மே 6-ம் தேதி கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் அலை இழுத்துப் போய் இறந்த ஐந்து பேரும் பயிற்சி மருத்துவர்கள். ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற மத்திய அரசு நிறுவனம் இதற்கு முன்னெச்சரிக்கை கொடுக்கிறது. எந்த மாதம் வந்தாலும் அன்றன்றைய செய்தியைப் பாருங்கள். கரையில் வலை பின்னிக்கொண்டிருக்கும் பெரியவர் யாராவது இருந்தால், "அண்ணாச்சி, இன்னைக்குக் கடல் எப்படி?" என்று கேட்டுவிட்டுக் காலை நனையுங்கள்.

மேயில் அறை வாடகையும் ஏறிவிடும். மீனும் விலை ஏறும்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை சின்னமுட்டம் பக்கம் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் தடைக்காலம். ஒரே மாவட்டத்துக்கு இரண்டு தடைக்காலம் என்பது எங்கள் ஊர் விசேஷம். கார்த்திகை பிறந்து தை வரை ஐயப்ப பக்தர்கள் கூட்டம், அப்போது கன்னியாகுமரியில் அறை கிடைப்பதே பாடு. செப்டம்பர் கடைசியில் வரும் காலாண்டு விடுமுறைதான் உங்களுக்குச் சரி. தென்மேற்குப் பருவமழை ஓய்ந்துவரும், வடகிழக்கு இன்னும் பிடித்திருக்காது. ஒரு தூறல் வரலாம், பாதகமில்லை. அக்டோபர் 2-ஐ ஒட்டிய நாட்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அன்று நடுப்பகலில் காந்தி மண்டபத்தில் அஸ்தி வைத்திருந்த இடத்தில் வெயில் விழுவதைப் பார்க்கக் கூட்டம் கூடும்.

இனி தங்குமிடம். கன்னியாகுமரியில் தங்காதீர்கள், நாகர்கோவிலில் தங்குங்கள். இரண்டுக்கும் நடுவே 20 கிலோமீட்டர்தான், பஸ் ஓடிக்கொண்டே இருக்கும். கன்னியாகுமரி முழுக்க முழுக்க வந்துபோகிறவர்களை நம்பி நடக்கிற ஊர். நாகர்கோவில் ஊர்க்காரர்கள் சாப்பிடுகிற, கல்யாணத்துக்கு வந்து தங்குகிற ஊர். விலையும் அதற்கேற்ற மாதிரிதான் இருக்கும். 'கடல் பார்த்த அறை' என்ற பேச்சுக்கு மயங்க வேண்டாம். அப்படிச் சொல்லி ஒரு விடுதியில் நான் என் சொந்த மாமா குடும்பத்தையே தங்கவைத்து அசடு வழிந்திருக்கிறேன். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. அதன் கைப்பிடிக்கும் குழாய்க்கும் நடுவில், நான்கு விரல் அகலத்துக்குக் கடல்.

கோவை - நாகர்கோவில் இரவு ரயில் கரூர் வழியாகத்தான் வருகிறது. விடியுமுன் நாகர்கோவிலில் இறக்கிவிடும். முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் திறக்கும், திறந்த அன்றே போட்டுவிடுங்கள். இந்த ரயிலை ஒட்டி லாட்ஜில் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும்: வாடகை 24 மணி நேரக் கணக்கா, பகல் 12 மணிக் கணக்கா? பகல் 12 மணிக் கணக்கு என்றால், நீங்கள் காலை ஐந்து மணிக்கு நுழைந்து குளிப்பதற்கே ஒரு நாள் வாடகை போய்விடும். 24 மணி நேரக் கணக்கு என்றால் மூன்று வாடகையில் நான்கு நாளும் முடிந்துவிடும். நான்காம் நாள் விடியலில் அறையைக் காலி செய்து பைகளை வரவேற்பில் கேட்டு வைத்துவிட்டு, ஐந்து மணி வாக்கில் பஸ் பிடித்தால் கன்னியாகுமரி சூரிய உதயத்துக்குச் சரியாக இருக்கும். அப்படியே எட்டு மணிக்கு விவேகானந்தர் பாறைக்குப் போகும் படகு வரிசையில் நிற்கலாம். இரவு திரும்பி வந்து ரயில் ஏறலாம்.

உங்கள் குடும்பத்தில் ஐந்தில் நால்வர் பெண்கள் என்பது பெரிய சேமிப்பு. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது, எந்த ஊர்க்காரர் என்றாலும் சரி. நாகர்கோவில் அண்ணா பேருந்து நிலையத்திலிருந்து அந்த பஸ்ஸாகப் பார்த்து ஏறினால் கட்டணம் உங்களுக்கு மட்டும்தான். ஒரே ஒரு நாளைக்கு மட்டும் அம்மாவுக்காகக் கார் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கார் நாளில்தான் பிள்ளைகளின் குளியல் ஆசையைத் தீர்க்க வேண்டும். காலையில் பத்மநாபபுரம் அரண்மனை (திங்கட்கிழமை மூடியிருக்கும்), அப்புறம் மாத்தூர் தொட்டிப்பாலம், கடைசியில் திற்பரப்பு அருவி. கோதையாறு அகலமாக விழுகிற இடம். பிள்ளைகள் பயமில்லாமல் ஆட்டம் போடலாம். மலையில் நல்ல மழை பெய்து பேச்சிப்பாறை அணையைத் திறந்திருந்தால் குளிக்க விடமாட்டார்கள். அதனால் காலையிலேயே விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

கடற்கரைக்கு மாலை நேரத்தை ஒதுக்குங்கள். நீளமாக நடக்கச் சொத்தவிளை. ஒரு மாலையாவது முட்டத்தில் பொழுது சாய்வதைப் பார்த்துவிட்டுத் திரும்புங்கள். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. கன்னியாகுமரியில் எந்த மாதம் வந்தாலும் சூரியன் கடலில்தான் மறையும் என்று நினைத்து வருகிறார்கள். கோடைகாலத்தில் சூரியன் வடக்கே தள்ளி மறையும்போது, அங்கே அது கரைக்குப் பின்னால் போய்விடும். முட்டத்தில் கரை வடமேற்காகத் திரும்பி ஒதுங்கிவிடுவதால், ஆண்டு முழுவதும் கடலிலேயே மறையும். கலங்கரை விளக்கத்துக்குக் கீழே பாறைகள் இருக்கின்றன, மேலேயே நின்று பாருங்கள். பாசி பிடித்த பாறையில் செல்பி எடுக்கப் போய் நான் ஒரு போனைப் பறிகொடுத்திருக்கிறேன். போனோடு போனதே என்று வீட்டில் நேர்த்திக்கடன் செலுத்தினார்கள்.

பணக் கணக்கை நான் போடுவது இப்படி: ரயில் 3,000, மூன்று நாள் குடும்ப அறை 6,000, சாப்பாடு 6,000, கார், பஸ், ஆட்டோ எல்லாம் சேர்த்து 3,000, படகு மற்றும் நுழைவுக் கட்டணங்களுக்கு 1,000. மொத்தம் 19,000. மீதி ஆயிரம் ரூபாயைத் தனியாக மடித்து அம்மாவிடம் கொடுத்துவையுங்கள், அவர் செலவழிக்கமாட்டார். ஏசி அறை கேட்டால் இந்தக் கணக்கு உடையும். செப்டம்பரில் இரவில் மின்விசிறியே போதும். சாப்பாட்டில் மிச்சம் பிடிக்க எளிய வழி, காலையில் புட்டு, பயறு, பப்படம். மதியம் மரச்சீனிக் (மரவள்ளிக்) கிழங்கும் மீன் கறியும். பிள்ளைகளுக்குப் பிஸ்கட் பாக்கெட் சுமந்து வராதீர்கள். எங்கள் மட்டிப் பழம் விரல் நீளம்தான், அந்த மணத்துக்கு வேறு பழம் கிடையாது. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கியது. ஒரு சீப்பு வாங்கித் தொங்கவிட்டால் ஒரு நாள் ஓடும்.

இப்போது பைக்கு வருகிறேன். இதில்தான் எல்லோரும் தப்புப் பண்ணுகிறார்கள். ஆளுக்கு ஒரு தோள்பை, அதற்கு மேல் கிடையாது. டவுன் பஸ்ஸில் சூட்கேஸ் ஏற்றிப் பார்த்தால் காரணம் புரியும்.

முதலில், டர்கி டவலை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். கடற்காற்றில் ஈரம் அதிகம், அது இரண்டு நாளானாலும் காயாது. மூன்றாம் நாள் பையையே நாறடிக்கும். எங்கள் ஊரில் 'துவர்த்து' என்று சொல்வோம், மெல்லிய பருத்தித் துண்டு. ஆளுக்கு இரண்டு போதும். துவட்டலாம், தலைக்குக் கட்டலாம், மணலில் விரிக்கலாம், பிழிந்து உதறினால் அரை மணியில் காய்ந்துவிடும். கரூர்க்காரரான உங்களுக்குத் துண்டைப் பற்றி நான் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான்.

ஜீன்ஸ் வேண்டாம். நனைந்த ஜீன்ஸ் ஒன்று காய்வதற்குள் உங்கள் பயணமே முடிந்துவிடும். பெண்கள் கடற்கரைக்குப் புடவை கட்டினால் அலை பட்டதும் கனத்து காலைச் சுற்றும், சுடிதார் நல்லது. ஆண்கள் ஒரு வேட்டி கட்டாயம் எடுத்துவாருங்கள். பகவதி அம்மன் கோயிலிலும் சுசீந்திரத்திலும் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வேட்டி என்றால் கூச்சமில்லாமல் இருக்கும். மதியம் நடை சாத்திவிடுவார்கள், காலையிலேயே போய்விடுங்கள்.

தோல் செருப்பு கூடாது. உப்புத் தண்ணீரும் மணலும் சேர்ந்தால் ஒரே நாளில் வெடித்துவிடும். ரப்பர் அல்லது பின்வார் வைத்த பிளாஸ்டிக் செருப்பு போதும். வெறுங்காலும் சரிப்படாது: இந்தக் கரையில் பல இடங்களில் கருமணல் கலந்திருக்கிறது. மணவாளக்குறிச்சியில் மத்திய அரசு நிறுவனம் தோண்டி எடுக்கிற கனிம மணல் அதுதான். காலை பத்து மணிக்கு மேல் அதில் கால் வைத்தால் தோசைக்கல்தான்.

குடை மழைக்கு மட்டும். வெயிலுக்கென்று கடற்கரையில் விரித்தால் காற்று அதைத் தலைகீழாக்கிவிடும். முப்பந்தலில் காற்றாலைகளைச் சுழற்றுகிற அதே காற்று. தாடைக்குக் கீழே கட்டிக்கொள்கிற தொப்பி வாங்கிக்கொள்ளுங்கள். காற்று குளிர்ச்சியாக இருப்பதால் வெயில் உறைக்காது, சாயங்காலம்தான் பிள்ளைகளுக்குக் கழுத்தும் மூக்கும் எரியும். எஸ்பிஎப் 30-க்கு மேல் உள்ள சன்ஸ்கிரீன் ஒரு டியூப், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தடவ வேண்டும்.

சில்லறைப் பொருள்களில் நான் விடவே விடாதவை: ஆறு மீட்டர் நைலான் கயிறும் பத்துத் துணி கிளிப்பும், ஈரத் துணிக்கு ஒரு கெட்டியான பை, போன் வைக்கச் சிப் வைத்த கவர், மூன்று பேர் போன் போடும்படி ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டி, ஓஆர்எஸ் பொட்டலம், பஸ்ஸில் குமட்டுபவர்களுக்கு மாத்திரை. ஆளுக்கு ஒரு ஸ்டீல் தண்ணீர் பாட்டில். அம்மாவின் மாத்திரைகளை அவர் கைப்பையிலேயே வையுங்கள், லாட்ஜில் விட்டுவிட்டுப் படகு வரிசையில் நிற்காதீர்கள். அந்த வரிசை விடுமுறை நாளில் மணிக்கணக்கில் நகரும். அவருக்கு முடியவில்லை என்றால் பாறைக்குப் போக வேண்டாம், கரையிலிருந்தே 133 அடி வள்ளுவர் நன்றாகத் தெரிவார். நீங்கள் நால்வரும் போய்வரலாம். விவேகானந்தர் பாறையிலிருந்து வள்ளுவர் சிலைக்கு இப்போது கண்ணாடிப் பாலம் இருக்கிறது. முன்பெல்லாம் கடல் சரியில்லாத நாளில் சிலைக்குப் படகு விடமாட்டார்கள், பாறைக்குப் படகு ஓடினால் அந்த ஏமாற்றம் இனி இல்லை.

எல்லோருடைய ஆதார் அட்டையும் அசலாக இருக்கட்டும், லாட்ஜில் கேட்பார்கள். திரும்பும்போது பையில் கொஞ்சம் இடம் விட்டுவையுங்கள். ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ் வாங்காமல் இந்த ஊரை விட்டுப் போனவர் கிடையாது. கன்னியாகுமரிக் கடையில் வாங்காமல், நாகர்கோவிலில் எண்ணெயிலிருந்து அள்ளி எடுக்கிற கடையாகப் பார்த்து, ரயிலுக்குக் கிளம்பும் முன் சூடாக வாங்கிக்கொள்ளுங்கள்.