கூடை நாறினால் குற்றம் கையில் இல்லை, காயவைத்த விதத்தில்

"விடுமுறையில் குழந்தைகளோடு காகிதக் கூழில் கூடை செய்தோம். விரிசல் விட்டு, நாற்றமடித்து, கடைசியில் மாமியார் தூக்கிப் போட்டுவிட்டார். கைவேலை வராத அம்மாக்கள் இதையெல்லாம் விட்டுவிடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

விட வேண்டாம். மாமியார் மேல் கோபமும் வேண்டாம், பூஞ்சணம் பிடித்ததைச் சிறுசுகள் இருக்கும் வீட்டில் வைத்திருக்கக் கூடாது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் மைதாப் பசையைத் தாராளமாக ஊற்றி, கூழைக் கெட்டியாக அப்பி, சீக்கிரம் காயட்டும் என்று மொட்டை மாடி வெயிலில் நேராக வைத்திருப்பீர்கள். வீடியோவில் அப்படித்தான் காட்டுகிறார்கள். ஈரக் கூடை அடுத்த நொடியே காய்ந்த கூடையாக வந்துவிடும். நடுவில் போன நாலு நாளை யாரும் காட்டுவதில்லை. இந்த வேலையில் முக்கால்வாசி அந்த நாலு நாள்தான்.

காகிதத்திலிருந்து தொடங்குகிறேன். அரைக் கிலோ செய்தித்தாள் போதும், ஒரு நடுத்தரக் கூடையும் இரண்டு சின்னத் தட்டும் வரும். வழவழப்பான வார இதழ்த் தாள் வேண்டாம், அது ஊறாது. கத்தரிக்கோலால் வெட்டாமல் கையால் கிழியுங்கள். கிழித்த ஓரத்தில் நார் நீட்டிக்கொண்டிருக்கும், அதுதான் ஒன்றோடொன்று பின்னிப் பிடிக்கும். மூன்று வயதுப் பிள்ளைக்கு இதைவிட நல்ல வேலை கிடையாது. ஓர் இரவு முழுக்க ஊறவைத்து, காலையில் தண்ணீரை மாற்றுங்கள். மை கொஞ்சம் போகும், கூழும் அவ்வளவு கருப்பாக இருக்காது. அவசரம் என்றால் அரை மணி நேரம் கொதிக்கவிட்டு ஆறவைக்கலாம்.

மிக்ஸியில் அரைப்பவர்கள் ஜாரில் மூன்றில் ஒரு பங்கு காகிதம், மிச்சம் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். விட்டு விட்டு ஓட்டுங்கள். கெட்டியாகப் போட்டு ஒரேயடியாக ஓட்டினால் மோட்டார் சூடாகிக் கருகும் வாசனை வரும். "சமையல் மிக்ஸியில் பேப்பரா?" என்று இங்கே யாராவது வருவார்கள். பழைய ஜார் ஒன்றைத் தனியாக ஒதுக்குங்கள். அதுவும் இல்லையென்றால் கையால் பிசைந்தாலும் கூழாகும், நேரம்தான் ஆகும்.

அடுத்து பிழிவது. விரிசலில் பாதி இங்கேதான் பிறக்கிறது. பழைய வேட்டித் துணியில் கட்டிப் பிழியுங்கள். சொட்டுவது நிற்க வேண்டும், ஆனால் உதிரியாகப் போகக் கூடாது. ஓர் உருண்டை பிடித்து உள்ளங்கையில் தட்டிப் பாருங்கள். தண்ணீர் கசிந்தால் இன்னும் பிழிய வேண்டும், ஓரம் பிளந்தால் பசை போதாது. உள்ளே தங்கும் தண்ணீர் எவ்வளவோ, காயும்போது சுருக்கமும் அவ்வளவு. சுருக்கம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நடக்காதபோதுதான் விரிசல்.

பசைக்கு என் ஓட்டு வெந்தயத்துக்கு. நம் பாட்டிமார் ஆட்டுரலில் காகிதத்தோடு வெந்தயத்தையும் போட்டு ஆட்டி, கவிழ்த்த பானையில் அப்பி எடுத்த கூடைகள் சில வீட்டுப் பரண்களில் இன்னும் கிடக்கும். அரைக் கிலோ காகிதத்துக்கு 100 கிராம் வெந்தயம் என்பது நான் போடும் கணக்கு. முதல் நாள் இரவே ஊறவைத்து, தனியாக நைஸாக அரைத்து, பிழிந்த கூழோடு சேர்த்துச் சப்பாத்தி மாவு பதத்துக்குப் பிசையுங்கள். வெந்தயத்தின் வழுவழுப்புதான் கோந்து. வெந்தயம் விற்கிற விலைக்கு இதெல்லாம் வசதிக்காரர்கள் பேச்சு என்று நினைப்பவர்கள் மைதாவுக்கே போகலாம். ஒரு பங்கு மைதா, ஐந்து பங்கு தண்ணீர். முதலில் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, பிறகு அடுப்பில் வைத்துக் கண்ணாடி போல் ஆகும்வரை கிளறுங்கள். வேகாத மைதா சரியாக ஒட்டாது, சீக்கிரம் புளித்தும் போகும். உப்பு போடச் சொல்வார்கள். ஒரு சிட்டிகைக்கு மேல் வேண்டாம், உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். கடலோர ஊர்களில் கூடை காய்ந்த பிறகும் பிசுபிசுப்பது அதனால்தான். இன்னொன்று: போஸ்டர் ஒட்டுபவர்களும் பைண்டிங் செய்பவர்களும் பூச்சி வராமலிருக்கப் பசையில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலப்பார்கள். அது விஷம். குழந்தை கை வைக்கும் பசையில் கலக்கவே கூடாது.

அச்சுக்கு எவர்சில்வர் பாத்திரம், பிளாஸ்டிக் பேசின், எதுவானாலும் சரி. வெளிப்பக்கம் அப்பினால் காகிதம் சுருங்கி அச்சைக் கவ்விக்கொள்ளும். அப்போது கழற்ற முடியாது, இழுத்தால் பிளக்கும். அதனால் பாத்திரத்தின் மேல் ஒரு பிளாஸ்டிக் கவரைப் போர்த்தி அதன் மேல் அப்புங்கள், முக்கால்வாசி காய்ந்ததும் கழற்றிவிடுங்கள். உள்பக்கம் அப்பினால் சுருங்கும்போது தானாகவே விட்டு வரும், புதிதாகச் செய்பவர்களுக்கு இதுதான் நல்லது. அப்போதும் தேங்காய் எண்ணெய் தடவ மறக்காதீர்கள். கனம் நாலைந்து மில்லிமீட்டர், அவ்வளவுதான். குழந்தைகள் அடியில் மொத்தையாக அப்பி ஓரத்தை மெல்லிசாக இழுப்பார்கள். ஓரம் காய்ந்து சுருங்கியிருக்கும்போது அடி இன்னும் ஈரமாக இருக்கும், இரண்டுக்கும் நடுவே வாய் பிளக்கும். ஓர் ஈர்க்குச்சியில் கோடு போட்டு, அங்கங்கே குத்தி ஆழம் பார்க்கச் சொல்லுங்கள். ஆறேழு வயதுப் பிள்ளைகளுக்கு அந்த வேலை ரொம்பப் பிடிக்கும்.

இப்போது காயவைப்பது. முதல் நாள் நிழலில், காற்றோட்டமாக. நேரே வெயிலில் வைத்தால் மேல்தோல் இறுகி, உள்ளே ஈரம் அடைபட்டுவிடும். உங்கள் நாற்றத்துக்குக் காரணம் அதுதான். இரண்டாம் நாள் கழற்றிக் கவிழ்த்து, கீழேயும் காற்றுப் போகும்படி சல்லடை மேலோ கம்பித் தட்டு மேலோ வையுங்கள். மூன்றாம் நாள் வெயில். சித்திரை வைகாசியில் இது போதும். ஐப்பசி கார்த்திகையில் தொடங்கவே தொடங்காதீர்கள். கொலுவுக்கு ஏதாவது செய்யும் எண்ணமிருந்தால் ஆவணிக்குள் ஈரவேலையை முடித்துவிடுங்கள். காய்ந்ததா என்று பார்க்க அடியைக் கன்னத்தில் வையுங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது.

விரிசல் வந்துவிட்டாலும் தூக்கிப் போட வேண்டாம். முழுக்கக் காய்ந்த பிறகு விரிசலின் ஓரத்தைத் தண்ணீர் தொட்டு நனைத்து, கூழில் ஃபெவிக்கால் கலந்து அடையுங்கள். நனைக்காமல் அடைத்தால் பொருக்காகப் பெயர்ந்து வரும். பிறகு 120 நம்பர் உப்புத்தாள், அதன் மேல் 220. தேய்ப்பதை வெளியே வைத்துக்கொள்ளுங்கள், மூக்கில் துணி கட்டுங்கள். மேல்பூச்சுக்கு இரண்டு பங்கு சாக் பவுடர், ஒரு பங்கு ஃபெவிக்கால், ஒரு பங்கு தண்ணீர். மெல்லிசாக இரண்டு கோட். சாக் பவுடர் என்று கேட்டு வாங்குங்கள். வெற்றிலைச் சுண்ணாம்பை எடுத்துக் கலந்தால் பிள்ளைகள் தோல் வெந்துவிடும்.

போஸ்டர் கலர் அடித்துவிட்டுத் தண்ணீரில் கரையும் வார்னிஷைப் பிரஷ்ஷால் பூசினால் எல்லா நிறமும் கலங்கி ஓடும். அக்ரிலிக் ஓடாது. கூடையில் சாவி, நூல்கண்டு, வெங்காயம், பூண்டு போடலாம். வடை, பஜ்ஜி வேண்டாம், செய்தித்தாள் மை உணவில் படக் கூடாது.

கூடை கைவந்த பிறகு தலையாட்டிப் பொம்மைக்குப் போங்கள். தஞ்சாவூர்ப் பொம்மைக்கு 2008-09-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, புதுச்சேரிப் பக்கம் திருக்கனூர் காகிதக் கூழ்ப் பொம்மைகளுக்கும் உண்டு. வீட்டில் செய்ய, அடிப்பாகத்துக்கு ஏழெட்டு சென்டிமீட்டர் பிளாஸ்டிக் பந்தைப் பாதியாக அறுத்து எடுத்தால் போதும். அடியில் ஈரக் களிமண் வைக்காதீர்கள், காய்ந்து சுருங்கி உள்ளே லொடலொடவென்று ஆடும். கோலிக்குண்டுகளை எம்-சீல் போட்டு நட்ட நடுவில் பதியுங்கள். உடம்புக்குக் காகிதத்தைக் கசக்கிக் கூம்பாக்கி, மேலே இரண்டே அடுக்குத் துண்டுக் காகிதம் ஒட்டுங்கள். தலை கனத்தால் பொம்மை சாய்ந்தபடியே கிடக்கும். ஆகவே கொண்டையும் கிரீடமும் கூழில் வேண்டாம், ஜிகினாத் தாளில் போதும்.

"கை அச்சு" என்று பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் குழந்தையின் கையை முக்கி எடுப்பதைச் சிலர் பரிந்துரைப்பார்கள். தயவுசெய்து வேண்டாம். அது இறுகும்போது சூடாகும். 2007-ல் இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் பள்ளி ஓவிய வகுப்பில் அப்படிக் கையை விட்ட 16 வயது மாணவி விரல்களை இழந்தார். பயமுறுத்துகிறேன் என்று சொல்பவர்கள் சொல்லட்டும்.

கேட்காததையும் ஒன்று சொல்லிவிடுகிறேன். "நாளைக்குள் தெர்மாகோலில் சூரியக் குடும்பம்" என்று இரவு எட்டு மணிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும் பள்ளிக்கூடங்கள் இருக்கின்றனவே, அவர்கள் கேட்பது பிள்ளையின் கைவேலையை அல்ல, அம்மாவின் தூக்கத்தை. (அப்பா செய்தால் ஆகாதா என்பவர்களுக்கு: தாராளமாக ஆகும், செய்யட்டும்.) மாட்டிக்கொண்டவர்கள் கவனிக்க: ஸ்ப்ரே பெயின்ட் தெர்மாகோலைக் கரைக்கும், சூடான க்ளூ கன் அதை உருக்கும். இரண்டு பலகைக்கு நடுவே ஃபெவிக்கால் விடிந்தாலும் காயாது, ஏனென்றால் ஈரம் வெளியேற வழியில்லை. ஈர்க்குச்சி செருகிச் சேருங்கள், போஸ்டர் கலரில் துளி ஃபெவிக்கால் கலந்து அடியுங்கள்.

மிஞ்சிய கூழைப் பசை கலப்பதற்கு முன்பே எடுத்து, எலுமிச்சை அளவு உருண்டைகளாகப் பிடித்து, நன்றாகக் காயவைத்து டப்பாவில் போட்டால் அடுத்த விடுமுறைவரை கெடாது. வேண்டும்போது ஊறவைத்துப் பிசைந்துகொள்ளலாம். வெந்தயம் கலந்துவிட்டது என்றால் ஃப்ரிட்ஜில் இரண்டு நாள்தான் தாங்கும். டப்பா மேல் எழுதி ஒட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் யாராவது மாவு என்று எடுத்துத் தோசைக்கல்லில் ஊற்றிவிடுவார்கள்.