வெயில் காலத்தில் வளர்ப்புப் பாம்பின் பெட்டியைக் குளிர்ச்சியாக வைத்திருப்பது எப்படி?

பெட்டியைக் குளிர்விக்க முயல்வதற்கு முன், அது இருக்கும் அறையைக் குளிர்வியுங்கள் என்பதே என் பதில். பனிக்கட்டி, ஈரத்துணி, மின்விசிறி என்று பலரும் பெட்டியிலிருந்தே தொடங்குகிறார்கள். ஆனால் எந்தப் பெட்டியும் தன்னைச் சுற்றியுள்ள காற்றைவிடத் தானாகக் குளிர்ந்துவிடாது. நீர் ஆவியாக வேண்டும், அல்லது குளிர்ந்த பொருள் ஒன்றைக் கொண்டுவந்து வைக்க வேண்டும்; இரண்டுமே சில மணி நேரத்துக்குத்தான் உதவும். அறை 36 டிகிரி செல்சியஸில் இருந்தால் பெட்டியும் விரைவில் அந்த நிலைக்கே வந்து சேரும்.

நான் வளர்ப்பவை கார்ன் ஸ்னேக் எனப்படும் சோளப்பாம்பு ஒன்றும் பால் பைத்தான் (ball python) எனப்படும் மலைப்பாம்பு ஒன்றும். பால் பைத்தானுக்குப் பெட்டியின் சூடான முனை 31 முதல் 33 டிகிரி வரையிலும், குளிர்ந்த முனை 25 முதல் 27 டிகிரி வரையிலும் இருப்பது நல்லது. சோளப்பாம்புக்கு இரு முனைகளும் இவற்றைவிடச் சற்றுக் குறைவாக இருக்கலாம். பாம்பு தன் உடல் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக் காத்துக்கொள்ளும் விலங்கன்று. சூடு வேண்டும்போது சூடான இடத்துக்கும், போதும் என்றானபின் குளிர்ந்த இடத்துக்கும் நகர்ந்துதான் அது தன்னைச் சரிசெய்துகொள்கிறது. ஆகவே வெயில் நாளில் பார்க்க வேண்டியது குளிர்ந்த முனையின் வெப்பநிலையைத்தான். சூடான முனையில் 33 டிகிரி இருப்பது ஆபத்தன்று. குளிர்ந்த முனையிலும் அதே 33 டிகிரி இருந்தால் பாம்புக்கு ஒதுங்க இடமில்லை. பெட்டி முழுவதும் 35 டிகிரியைத் தாண்டி நெடுநேரம் நீடித்தால், பெரும்பாலான வளர்ப்பு இனங்களுக்கு அது உயிருக்கே ஆபத்தாகும். மாண்டரின் ராட் ஸ்னேக் போன்ற மலைப்பகுதி இனங்களோ மற்றவை சுகமாக இருக்கும் 28 டிகிரியிலேயே தவிக்கத் தொடங்கிவிடும்.

"வெப்ப நாட்டிலிருந்து வந்த பாம்புதானே, தாங்கிக்கொள்ளும்" என்ற வாதத்தை அடிக்கடி கேட்கிறேன். பால் பைத்தானின் தாயகம் ஆப்பிரிக்காவின் மேற்கு, நடுப் பகுதிகள்; அங்கே வெயிலுக்குக் குறைவில்லை. ஆனால் அது பகலைக் கழிப்பது வெயிலில் அன்று; கொறிவிலங்குகள் தோண்டிய வளைகளிலும் கரையான் புற்றுகளிலும்தான். மண்ணுக்கடியில் கிடைக்கும் அந்தக் குளிர்ச்சி கண்ணாடிப் பெட்டியில் கிடைப்பதில்லை.

அளக்காமல் எதையும் செய்யாதீர்கள். கண்ணாடியில் ஒட்டிவைக்கும் முள்வட்ட வெப்பமானியை நான் நம்புவதில்லை. அது காட்டுவது பெரும்பாலும் தான் ஒட்டியிருக்கும் சுவரின் நிலையை. உணர்முனை கொண்ட டிஜிட்டல் வெப்பமானியின் முனையைக் குளிர்ந்த பக்கத்தில், பாம்பு படுக்கும் தரைமட்டத்தில் வையுங்கள். அன்றைய உச்ச, தாழ்நிலை அளவுகளை நினைவில் வைத்துக்கொள்ளும் கருவியாக இருந்தால், நீங்கள் வீட்டில் இல்லாத நேரத்தில் என்ன நடந்தது என்பதும் தெரிந்துவிடும். மரப்பெட்டியும் பிவிசி பெட்டியும் மெதுவாகச் சூடேறி மெதுவாகவே ஆறுபவை. ஆதலால் வெளியே வெயில் தணிந்த பிறகு, மாலையில்கூட அவற்றின் உள்ளே உச்ச வெப்பம் இருக்கக்கூடும். மதியம் ஒருமுறை பார்த்துவிட்டு நிம்மதியடைந்துவிடக் கூடாது.

அடுத்து, பெட்டிக்குள் நாமே ஊட்டும் வெப்பம். வெப்ப விரிப்போ வெப்ப விளக்கோ, வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் கருவியான தெர்மோஸ்டாட்டுடன் இணைந்திருந்தால் வெயில் நாளில் அது தானாகவே அணைந்துவிடும். இரவு குளிரும் இடமாக இருந்தால் அதை அப்படியே விட்டுவிடலாம். ஆனால் தெர்மோஸ்டாட்டால் வெப்பத்தை நிறுத்த முடியுமே தவிர, குளிரைக் கொடுக்க முடியாது. அதன் உணர்முனை இடம் பெயர்ந்துவிட்டதா, தண்ணீர்க் கிண்ணத்தில் விழுந்துவிட்டதா என்பதைக் கட்டாயம் பாருங்கள். குளிர்ந்த நீரில் கிடக்கும் முனை, பெட்டி குளிராக இருப்பதாகச் சொல்லி விரிப்பை ஓயாமல் இயங்கவிடும். தெர்மோஸ்டாட் இல்லாத விரிப்பு எந்தப் பருவத்திலும் வேண்டாம் என்பேன். வெளிச்சத்துக்காக மட்டும் குண்டு பல்பு எரிந்துகொண்டிருந்தால் எல்இடிக்கு மாறுங்கள். பெட்டியின் மேல் வைத்திருக்கும் இணைய ரௌட்டர் போன்ற கருவிகளையும் நகர்த்திவிடுங்கள். அவையும் சூட்டைக் கூட்டுபவையே.

பெட்டியின் இடம் இவை எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம். கண்ணாடித் தொட்டியில் நேரடி வெயில் விழுந்தால், ஒளி உள்ளே புகுந்து வெப்பமாக மாறி அங்கேயே சிக்கிக்கொள்ளும். அறை சாதாரணமாக இருக்கும்போதே பெட்டி மட்டும் கொதித்துவிடும். காலையில் நிழலாக இருக்கும் சன்னலோரம் மாலையில் வெயிலுக்கு வந்துவிடலாம் என்பதால், ஒரு நாள் முழுக்க வெயில் நகரும் பாதையைக் கவனித்த பின்பே இடத்தைத் தீர்மானியுங்கள். சூடான காற்று மேலே தங்கும். எனவே உயரமான அடுக்கின் மேல்தட்டைவிடத் தரையோரம் குளிர்ச்சியாக இருக்கும். சன்னலுக்கு உள்ளே திரை போடுவதைவிட வெளியே நிழல் தருவது அதிகப் பயனளிக்கும், ஏனெனில் உள்திரையை எட்டும்போது வெயில் ஏற்கெனவே அறைக்குள் வந்துவிட்டது. வெளிக்காற்று அறையைவிடக் குளிர்ந்த பின் சன்னல்களைத் திறந்து, விடிந்து சூடேறத் தொடங்கும் முன் மூடிவிடுங்கள். குளிர்சாதன வசதி இருந்தால் 25, 26 டிகிரியில் வைத்து, குளிர்காற்று நேராகப் பெட்டியின் மேல் வீசாதபடி திருப்பிவிட்டால் போதும். வெப்ப விரிப்பு சூடான முனையைப் பார்த்துக்கொள்ளும்.

மின்விசிறியைப் பற்றிப் பெரிய குழப்பம் உண்டு. நமக்கு அது இதமளிப்பது வியர்வையை ஆவியாக்குவதால். பாம்புக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. காற்று பாம்பின் உடலைவிடச் சூடாக இருந்தால், விசிறி அதை இன்னும் வேகமாகச் சூடாக்கத்தான் செய்யும். அறையின் சூடான காற்றை வெளியேற்றவும், ஈரத்துணியிலிருந்து நீர் ஆவியாவதை விரைவுபடுத்தவும் மட்டுமே விசிறியைப் பயன்படுத்துகிறேன்.

ஈரத்துணி எவ்வளவு உதவும் என்பது முற்றிலும் காற்றின் ஈரப்பதத்தைப் பொறுத்தது. காற்று 36 டிகிரியில், 30 சதவீத ஈரப்பதத்துடன் இருந்தால், நீர் ஆவியாவதால் எட்டக்கூடிய மிகக் குறைந்த வெப்பநிலை ஏறக்குறைய 23 டிகிரி. நடைமுறையில் அவ்வளவு இறங்காவிட்டாலும் நல்ல பலன் தெரியும். அதே 36 டிகிரியில் ஈரப்பதம் 80 சதவீதமாக இருந்தால் அந்த எல்லை ஏறக்குறைய 33 டிகிரி. அதாவது, புழுக்கமான ஊரில் பெட்டியின் வலைமூடிமேல் ஈரத்துணி போடுவதால் குளிர்ச்சி அதிகம் கிடைக்காது, உள்ளே ஈரம்தான் ஏறும். காற்றோட்டமில்லாத ஈரத்தில் பாம்புக்குச் செதில் அழுகலும் சுவாசத் தொற்றும் வரும். ஆகவே வறண்ட வெப்பம் என்றால் ஈரத்துணி, புழுக்கம் என்றால் பனிக்கட்டி என்பது நான் பின்பற்றும் வழக்கம். வறண்ட காற்றிலும் வலைமூடியின் பாதியைத் துணியால் மறைக்காமல் விடுகிறேன்.

ஒரு கிலோ பனிக்கட்டி உருகும்போது 334 கிலோஜூல் வெப்பத்தை உறிஞ்சுகிறது. சிறிய பெட்டியின் ஒரு மூலையைச் சில மணி நேரம் காப்பாற்ற உறைந்த தண்ணீர்ப் புட்டி ஒன்றே போதுமானது. நீர் உறையும்போது விரியும் என்பதால் புட்டியை முழுக்க நிரப்பாதீர்கள். தடித்த துணியில் சுற்றி, குளிர்ந்த முனைக்கு நேர்மேலே வலைமூடியின் மேல் வையுங்கள். குளிர்ந்த காற்று கனமானது என்பதால் தானாகவே கீழிறங்கும். அடியில் ஒரு தட்டு இருந்தால் துணியில் திரளும் நீர் பெட்டிக்குள் சொட்டாது, ஆனால் தட்டு மூடி முழுவதையும் அடைத்துவிடக் கூடாது. புட்டியைச் சுற்றாமல் உள்ளே வைப்பதை நான் ஏற்பதில்லை, பாம்பு அதன்மேல் சுருண்டு படுத்துக்கொள்ளக்கூடும். குளிர்ப்பொதிகளில் உள்ள கூழ் கசிந்தால் தீங்கு என்பதால் அவற்றுக்கும் இடம் வெளியேதான். இரண்டு புட்டிகள் இருந்தால் ஒன்று உறையும் நேரத்தில் மற்றொன்று வேலை செய்யும்.

பெட்டிக்குள் வைக்கத் தகுந்தவை ஓடு, கல், நீர் ஆகியவையே. குளிர்ந்த முனையில் ஒரு தரை ஓடு, மண்ணாலான ஒரு மறைவிடம், பாம்பு முழு உடலையும் அமிழ்த்தக்கூடிய அகலமான தண்ணீர்க் கிண்ணம். நீர் வெயில் நாளில் விரைவில் கெடும் என்பதால் தினமும் மாற்றுங்கள். பாம்பு மணிக்கணக்காக நீரிலேயே கிடந்தால் அது சூட்டின் அடையாளமாக இருக்கலாம். உண்ணிப்பேன் தொல்லையாலும் தோலுரிக்கும் பருவத்தாலும் அப்படிக் கிடப்பதுண்டு. முதலில் வெப்பமானியைப் பாருங்கள், பிறகு செதில்களுக்கிடையே கரும்புள்ளிகள் நகர்கின்றனவா என்று பாருங்கள்.

வெப்பம் உச்சத்தில் இருக்கும் நாட்களில் இரை கொடுக்காதீர்கள். மிகுந்த சூட்டில் பாம்பு இரையைக் கக்கிவிடக்கூடும், அது உடலை வெகுவாகத் தளர்த்தும். ஆரோக்கியமான, வளர்ந்த பாம்பு சில வாரங்கள் உண்ணாதிருப்பதால் ஒன்றும் ஆகிவிடாது. குஞ்சுகளுக்கு மட்டும் இடைவெளி இவ்வளவு நீளக் கூடாது. கையில் எடுப்பதையும் அந்நாட்களில் குறைத்துக்கொள்ளுங்கள்.

வாயைத் திறந்து மூச்சுவிடுதல், ஓயாமல் பெட்டியின் சுவர்களை முட்டுதல், பிறகு தளர்ந்து கிடத்தல், தலையை வானம் பார்த்தபடி வளைத்தல், மல்லாத்திப் போட்டால் திரும்ப முடியாமை ஆகியவை சூடு மிஞ்சியதன் அறிகுறிகள். கடைசி இரண்டும் தெரிந்தால் நிலைமை மோசம் என்று பொருள். பாம்பை உடனே குளிர்ந்த அறைக்கு மாற்றி, தலை நீருக்கு மேலே இருக்கும்படி, ஆழமற்ற மிதமான குளிர்நீரில் வையுங்கள். பனிநீர் வேண்டாம், திடீர்க் குளிர் மற்றோர் அதிர்ச்சியாகும். அதே நேரத்தில் ஊர்வன மருத்துவம் தெரிந்த கால்நடை மருத்துவரை அழையுங்கள். பாம்பு தெளிந்துவிட்டதாகத் தோன்றினாலும் காட்டுவது அவசியம், ஏனெனில் நரம்பிலும் உள்ளுறுப்புகளிலும் நேர்ந்த பாதிப்பு பின்னர்தான் வெளிப்படக்கூடும்.

மின்சாரம் நின்றுபோகும் நாளுக்கும் ஏற்பாடு தேவை. வீட்டில் எந்த மூலை மதியத்தில் மிகக் குளிர்ச்சியாக இருக்கிறது என்பதை இப்போதே வெப்பமானியுடன் சுற்றிப் பார்த்து அறிந்துவையுங்கள்; அது பெரும்பாலும் கீழ்த்தளத்தில், வெளிச்சுவர் வெயில் படாத அறையாக இருக்கும். காற்றுத்துளைகள் இட்ட ஒரு பிளாஸ்டிக் பெட்டியைத் தயாராக வைத்திருந்தால் பாம்பை மட்டும் அங்கே மாற்றிவிடலாம், பெரிய பெட்டியைத் தூக்க வேண்டியதில்லை. அதன் மூடிக்குக் கொக்கி இருக்கட்டும்; சூட்டில் அமைதியிழந்த பாம்பு, தளர்வான மூடியின் விளிம்பைத்தான் முதலில் தள்ளிப் பார்க்கும்.