டேவிட் டேவிஸ் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

லிங்கனின் வழக்கறிஞர் வாழ்க்கை பற்றிய தங்கள் கட்டுரையில் நீதிபதி டேவிட் டேவிஸை நேர்மையாளர் என்று குறிப்பிட்டிருந்தீர்கள். லிங்கனை வேட்பாளராக்க உழைத்தவர், அவராலேயே உச்ச நீதிமன்றத்தில் அமர்த்தப்பட்டவர், இறுதியில் செனட்டர் ஆனவர். இவரை எப்படி நடுநிலையாளராகக் கொள்வது?

கே.

அன்புள்ள கே.,

டேவிஸ் அரசியலை விட்டு முழுமையாக விலகியிருந்தவர் அல்லர் என்பதை ஒப்புக்கொள்கிறேன். 1848 முதல் 1862 வரை அவர் இல்லினாய் மாநிலத்தின் எட்டாவது நீதி வட்டாரத்தில் நீதிபதியாக இருந்தார். இளவேனிலிலும் இலையுதிர் காலத்திலும் குதிரை வண்டியில் ஊர் ஊராகச் சென்று அவர் வழக்குகளை விசாரிக்க, லிங்கன் உள்ளிட்ட வழக்கறிஞர்களும் உடன் பயணம் செய்து ஒரே விடுதியில் தங்குவார்கள். தாம் வர இயலாத நாட்களில் லிங்கனையே நீதிபதியின் இருக்கையில் அமர்த்தியதும் உண்டு. 1860இல் குடியரசுத் தலைவர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கக் குடியரசுக் கட்சி கூடிய சிகாகோ மாநாட்டில் லிங்கனுக்காகப் பிரதிநிதிகளின் ஆதரவைத் திரட்டியபோதும் அவர் பதவியில் இருந்த நீதிபதிதான்.

ஆயினும் நான் அவரை மதிப்பது மில்லிகன் வழக்கின் பொருட்டு. உள்நாட்டுப் போர்க்காலத்தில், 1864இல், இண்டியானாவைச் சேர்ந்த வழக்கறிஞர் லாம்ப்டின் மில்லிகன் அரசுக்கு எதிரான சதிக்காகக் கைதுசெய்யப்பட்டார். ராணுவ ஆணையம் அவருக்குத் தூக்குத்தண்டனை விதித்தது. அம்மாநிலத்தின் நீதிமன்றங்களோ வழக்கம்போல் இயங்கிக்கொண்டிருந்தன. நீதிமன்றம் திறந்திருக்கும் இடத்தில் குடிமகனை ராணுவம் விசாரிக்க இயலாது என்றும், அரசியலமைப்பு போரிலும் அமைதியிலும் ஆள்வோருக்கும் மக்களுக்கும் ஒருசேரச் சட்டமே என்றும் 1866இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் டேவிஸ் எழுதினார். மறைந்த லிங்கனின் சொத்துக்களை நிர்வகித்து வாரிசுகளிடம் சேர்க்கும் பொறுப்பைச் சுமந்துகொண்டிருந்த அதே நாட்களில், லிங்கனின் அரசு நடத்திய விசாரணையை அவர் செல்லாததாக்கினார். நண்பருக்காக அவர் சட்டத்தை வளைக்கவில்லை. தெற்கில் விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்கு ராணுவ நீதிமன்றங்களே காப்பாக இருந்ததால் அத்தீர்ப்பு கடுமையான கண்டனத்துக்கும் உள்ளானது. அந்தக் கண்டனத்திலும் நியாயம் இருந்தது.

அவரிடம் எனக்கு உள்ள குறை வேறு. 1876 குடியரசுத் தலைவர் தேர்தலில் 20 தேர்வாளர் வாக்குகள் (தலைவரைத் தேர்ந்தெடுக்க மாநிலங்களின் சார்பில் அளிக்கப்படுபவை) தகராறில் சிக்கியபோது, அவை யாருக்குரியவை என்று முடிவுசெய்ய 15 பேர் கொண்ட ஆணையம் அமைக்கப்பட்டது. இரு கட்சிகளுக்கும் ஏழேழு பேர் என்றிருக்க, எக்கட்சியும் சாராத டேவிஸே பதினைந்தாமவராக வருவார் என்று நாடு எதிர்பார்த்தது. அந்நேரத்தில் ஜனநாயகக் கட்சியினரின் ஆதரவோடு இல்லினாய் சட்டமன்றம் அவரைச் செனட்டராகத் தேர்ந்தெடுக்கவே, அவர் ஆணையத்தில் அமர மறுத்தார். அவருக்குப் பதிலாக வந்த நீதிபதி ஜோசப் பிராட்லி குடியரசுக் கட்சியின் பக்கம் நிற்க, தகராறான வாக்குகள் அனைத்தும் 8-7 என்ற கணக்கில் அக்கட்சியின் வேட்பாளர் ஹேய்ஸுக்குப் போயின. அவர் 185-184 என வென்றார். செனட்டர் பதவியை ஏற்பவர் அவ்வாணையத்தில் அமரக் கூடாது என்று டேவிஸ் கருதியிருந்தால் அது முறையே. ஆனால் செனட்டர் பதவியைத்தான் அவர் மறுத்திருக்க வேண்டும். போரின் நெருக்கடியிலும் சட்டம் நிற்கும் என்று எழுதியவர், தம்மை நாடு நம்பியிருந்த அந்த ஒரு குளிர்காலத்தில் நீதிபதியாகவே இருந்திருக்கலாம்.