குளிக்கக் கூப்பிட்டாலே தள்ளிவிடுகிறார், என்ன செய்வது?

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு இல்லத்தில் பராமரிப்பாளராக இருக்கிறேன். அறிவுசார் குறைபாடு உள்ள 26 வயதுத் தம்பி ஒருவர், பேச்சு கிடையாது. ஒரு மாதமாகக் காலையில் குளிக்கக் கூப்பிட்டாலே தன் காதில் அறைந்துகொள்கிறார், கிட்டப் போனால் தள்ளுகிறார். இரண்டு பேர் பிடித்துத்தான் குளிப்பாட்டுகிறோம். எப்படித் திருத்துவது?

பதில்: பிடித்துக் குளிப்பாட்டுவதை இன்றோடு நிறுத்துங்கள். ஒரு நாள் குளிக்காவிட்டால் ஒன்றும் ஆகாது, வெந்நீரில் துண்டை நனைத்து அவரையே துடைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பிடிக்கப் பிடிக்க, குளியல் என்றாலே பயம் என்று அவருக்குப் பதிந்துவிடும்.

"ஒரு மாதமாக" என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதுதான் முக்கியம். முன்பு இல்லாத பழக்கம் திடீரென்று வந்தால் அதை அடம் என்று எடுத்துக்கொள்ளாமல், உடம்பில் எங்கோ வலி இருக்கிறது என்று வைத்துக்கொண்டு தேட வேண்டும். காதில் அழுக்கு அடைத்திருக்கலாம், சீழ் இருக்கலாம், கடைவாய்ப் பல் சொத்தையாக இருந்தாலும் வலி காதில் தெரியலாம், மலச்சிக்கலையும் விட்டுவிடாதீர்கள். வலிக்கிறது என்று வாயால் சொல்ல முடியாதவர் கையால் சொல்கிறார். இந்த வாரமே டாக்டரிடம் காட்டுங்கள். செலவுக்கு யோசிக்கிறீர்கள் என்றால், அறிவுசார் குறைபாடு போன்றவை உள்ளவர்களுக்கான மத்திய அரசின் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை உண்டு, அவர் பெயர் அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

சரி, வலி இல்லை என்று தெரிந்தால்? ஒரு நோட்டில் மூன்று கட்டம் போடுங்கள்: தள்ளுவதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது, அவர் என்ன செய்தார், அதன் பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள். இரண்டு வாரம் போதும், ஆனால் தள்ளாத நாளையும் எழுத வேண்டும். குன்னூரில் நான் போய்வந்த ஒரு இல்லத்தில், இதேபோல் தள்ளிய ஒருவரைப் பற்றி இப்படி எழுதியபோது, ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவர் தள்ளவே இல்லை என்று தெரிந்தது. ஏன் என்று பார்த்தால், மற்ற நாளில் காலை ஆறரைக்கு, வெளியே உறைபனி கிடக்கும்போது, வெந்நீர் வருவதற்கு முன்பே ஸ்வெட்டரைக் கழற்றிச் சிமெண்ட் தரையில் நிற்க வைத்திருக்கிறார்கள், ஞாயிறு மட்டும் வெயில் ஏறிப் பதினொரு மணிக்குக் குளியல். நேரத்தை மாற்றினார்கள், காலுக்கு ஒரு மரப்பலகை போட்டார்கள், தலையில் ஊற்றாமல் மக்கை அவர் கையிலேயே கொடுத்தார்கள், சில நாளில் தள்ளுவது நின்றது.

கை ஓங்கும் நேரத்தில் ஒருவர் மட்டும் பேசுங்கள், அதுவும் மெதுவாக, இரண்டு மூன்று வார்த்தை. இரண்டடி தள்ளி, பக்கவாட்டில் நில்லுங்கள், பின்னாலிருந்து தொடாதீர்கள். குப்புறப் படுக்க வைத்து அழுத்துவது மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கூடாது, மூச்சு நின்று உயிரே போய்விடலாம். கட்டிவைப்பதையும், டாக்டர் சொல்லாமல் தூக்க மாத்திரை கொடுப்பதையும் நான் கொடுமை என்றுதான் சொல்வேன். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கொடுமையான நடத்தையிலிருந்து அவர்களுக்குப் பாதுகாப்புத் தருகிறது, அந்தப் பாதுகாப்பு உங்கள் இல்லத்துக்குள்ளும்தான்.

அவர் அமைதியாக இருக்கும் நேரத்தில் ஒரு சைகை சொல்லிக்கொடுங்கள், உள்ளங்கையைக் காட்டினால் 'நிறுத்து' என்று அர்த்தம். முதல் வாரம் பத்துத் தடவை காட்டுவார், பத்துத் தடவையும் மக்கைக் கீழே வைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள்.