முதலில் ஊசி, பிறகுதான் பெட்டி

கேள்வி: தாத்தா வைத்துவிட்டுப் போன இசைத்தட்டுகள் நாற்பது இருக்கும். சின்னது, பெரியது, கனமானது எல்லாம் கலந்து கிடக்கின்றன. சூட்கேஸ் போல மூடி வைக்கும் பிளேயர் மலிவாகக் கிடைக்கிறதே, வாங்கலாமா?
– வாசகி, காவேரிப்பட்டினம்

பதில்: வேண்டாம். முதலில் தட்டுகளைப் பிரித்து அடுக்குங்கள். லேபிளில் பெரும்பாலும் 33⅓, 45, 78 என்று வேகம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) அச்சாகியிருக்கும். கனமாக, கீழே விழுந்தால் ஓடு போல உடைவது 78. அது அரக்குத் தட்டு, பள்ளம் அகலம். அதற்கு 3 மில் ஊசி வேண்டும் (மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). 33⅓ வேகத்தில் சுற்றும் பெரிய தட்டான எல்.பி.க்கு 0.7 மில் போதும். எல்.பி. ஊசியை 78-இல் வைத்தால் முனை பள்ளத்தின் அடியில் இறங்கிப் புழுதியை உரசும், இரைச்சல்தான் கேட்கும். மாற்றி வைத்தால் எல்.பி. பாழாகிவிடும்.

ஊசியைத் தாங்கி, அதன் அதிர்வை மின்சாரமாக்கும் பகுதிக்குக் கார்ட்ரிட்ஜ் என்று பெயர். சூட்கேஸ் பிளேயர்களில் பெரும்பாலும் செராமிக் கார்ட்ரிட்ஜ்தான். ஊசி 5 கிராம் அளவுக்கு அழுத்தும், குறைக்கவும் வழியில்லை. நல்ல மேக்னட் கார்ட்ரிட்ஜுக்கு 2 கிராம் போதும். தாத்தாவின் தட்டு தேய்ந்தால் திரும்பக் கிடைக்காது, அம்மா! மூன்று வேகமும், பின்னால் எடைத் திருகும் உள்ளதாக வாங்குங்கள், ஆடியோ-டெக்னிக்கா எல்.பி.120எக்ஸ் அப்படிப்பட்டது. 78-க்கான கார்ட்ரிட்ஜைத் தனி ஹெட்ஷெல்லில் (ஊசிக்கையின் நுனியில் கழற்றி மாட்டும் தலைப்பகுதி) மாட்டி வைத்துக்கொள்ளுங்கள். மாற்றும் ஒவ்வொரு முறையும் எடையைப் புதிதாக அமைக்க வேண்டும்: ஊசிக்கை உள்பக்கம் இழுபடுவதைச் சரிக்கட்டும் ஆன்டி-ஸ்கேட் குமிழை 0-வில் வைத்து, ஊசிக்கை தராசு முள் போலக் கிடையாக மிதக்கும்வரை பின்னால் உள்ள எடையைத் திருகுங்கள். பிறகு எடையில் உள்ள எண் வளையத்தை மட்டும் 0-வுக்குக் கொண்டுவந்து, கார்ட்ரிட்ஜுக்குச் சொன்ன கிராம் வரை எடையைத் திருப்புங்கள். ஆன்டி-ஸ்கேட்டையும் அதற்கேற்ப வையுங்கள்.

கேள்வி: மாமா அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த பழைய பிளேயர். டிரான்ஸ்ஃபார்மர் போட்டும் பாட்டு இழுக்கிறது. ஆம்ப்ளிஃபையரின் ஆக்ஸில் (மற்ற கருவிகளை இணைக்கும் துளை) கொடுத்தால் கொசு ரீங்காரம்தான்.
– வாசகர், ஓசூர்

பதில்: இரண்டும் வேறு வேறு கோளாறுகள். டிரான்ஸ்ஃபார்மர் 230 வோல்ட்டை 110 ஆக்கும். நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸை அமெரிக்காவின் 60 ஆக்காது. ஏ.சி. மோட்டார் ஹெர்ட்ஸைப் பார்த்துத்தான் சுற்றும். அதனால் 33⅓ சுற்று 27.8 ஆகிவிடுகிறது. அந்த மாடலுக்குரிய 50 ஹெர்ட்ஸ் புல்லி (மோட்டார் தண்டில் உள்ள சிறு சக்கரம்) மாட்டினால் தீரும்.

அடுத்தது சத்தம். மேக்னட் கார்ட்ரிட்ஜ் தருவது சுமார் 5 மில்லிவோல்ட். ஆக்ஸுக்குச் சில நூறு மில்லிவோல்ட் வேண்டும். தட்டு வெட்டும்போதே பேஸைக் குறைத்து டிரெபிளை ஏற்றியிருப்பார்கள். அதைத் திரும்ப நேராக்குவது ஃபோனோ ப்ரீ-ஆம்ப். ஒன்று வாங்கி நடுவில் வையுங்கள். பிளேயரிலிருந்து தனியே தொங்கும் மெல்லிய ஒயரை ப்ரீ-ஆம்பின் கிரவுண்ட் திருகில் முடுக்குங்கள். ‘ஹம்’ இருந்தால் பெரும்பாலும் அங்கேதான் தளர்ந்திருக்கும்.

கேள்வி: அறையில் நடந்தாலே ஊசி தாவுகிறது. வால்யூம் ஏற்றினால் ‘ஊ’ என்று ஊளை.
– வாசகர், தர்மபுரி

பதில்: ஸ்பீக்கரும் பிளேயரும் ஒரே மேசையில் இருக்கின்றனவா? ஸ்பீக்கரின் அதிர்வு ஊசிக்கு ஏறி, மறுபடி ஸ்பீக்கருக்கே போகிறது. பிளேயரைச் சுவரில் அடித்த பலகைக்கு மாற்றுங்கள். உங்கள் பக்கத்துக் கிரானைட் பட்டறைகளில் வெட்டி மிஞ்சிய துண்டு கிடைக்குமே, அதைக் கீழே போடுங்கள். கல் மட்டும் போதாது, அதுவும் அதிரும். நான்கு மூலையிலும் தடித்த ரப்பர் வையுங்கள். பலகை கல்லின் கனத்தைத் தாங்குமா என்று முதலில் பாருங்கள். கடைசியாக ரசமட்டம் வைத்துச் சரிபாருங்கள்.